திரும்ப எழுதச் சொல்லாதீங்க!

"பெயிலா? விடு, அடுத்த தடவை எழுதிக்கோ." ஊருக்குப் போன் போட்டு இப்படி அறிவுரையை அள்ளி விடும் நம்மாட்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதுவும் டாலரில் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்கிறோம் பாருங்கள்!

மார்டள்ளியில் இருக்கும் என் அக்கா மகனுக்கு ஒரு பேப்பரில் 16 மார்க். பணம் கட்டி விடைத்தாள் நகலை வாங்கிக் கூட்டிப் பார்த்தால் 61. பதிவு செய்தவர் எண்ணைத் திருப்பிப் போட்டிருக்கிறார். அதைத் திருத்த அவன் பஸ் ஏறி, கொள்ளேகாலில் மாறி, மூன்று முறை அலைந்தான். கட்டிய பணம் போனது போனதுதானாம். தப்பு செய்தது அவர்கள், தண்டம் கட்டுவது நாமா?

எங்கோ ஒன்று நடப்பது என்று நினைக்காதீர்கள். 2019-ல் தெலங்கானா இண்டர்மீடியட் தேர்வில் ஒரு மாணவிக்குத் தெலுங்கில் 0 போட்டார்கள். மறுபடி பார்த்ததில் 99! அந்த வருஷம் முடிவு வந்தபின் 20-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் உயிரை விட்டார்கள். ஊரே கொதித்த பிறகுதான் பெயிலானவர்களுக்கு மறு சரிபார்ப்பு இலவசமானது.

தகவல் உரிமைச் சட்டத்தில் மாணவர் தன் விடைத்தாளைக் கேட்கலாம் என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மத்திய விதிப்படி பக்கத்துக்கு 2 ரூபாய். ஆனால் பதில் வர 30 நாள் ஆகலாம், அதற்குள் மறுமதிப்பீட்டுத் தேதி ஓடிவிடும். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தப்பு தெரிந்தால் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுக்கட்டும். என் மருமகன் கொடுத்திருக்கிறான். இன்னும் பதில் இல்லை.