வீட்டுக் கொல்லைக்கு ஏற்ற செடிகள்

தேவதானம் போன்ற மலையடிவாரக் கிராமங்களிலும் சிலர் நகரத்தைப் பார்த்து வீட்டு முன்றிலில் புல்தரை போடுகிறார்கள். சித்திரை வெயிலில் அதற்கு அன்றாடம் ஜலம் வார்த்தாக வேண்டும். கிணறு வற்றும் காலத்தில் இது தகாத செலவென்பதே எமது அபிப்பிராயம்.

வேலியோரம் நொச்சியும் ஆடாதோடையும் நடலாம். ஆடுமாடுகள் இவற்றை விரும்பிக் கடிப்பதில்லை. பின்னதற்குப் பெயரே அதனால் வந்தது என்பர். அரளியும் வறட்சி தாங்கும். ஆனால் விஷமுள்ளதாகையால் தொழுவத்தருகே கூடாது. வாசலுக்கு நந்தியாவட்டை போதும். முருங்கைக் கிளை காற்றில் முறியுமாதலால், கூரையை விட்டு விலகி, நீர் தேங்காத மேட்டில் போத்து ஊன்றுதல் நலம். மற்றவற்றை ஐப்பசி மழைத் தொடக்கத்தில் நட்டு, முதற்கோடையில் மட்டும் குளிக்கும் ஜலத்தைத் திருப்பிவிட்டால், மறு வருஷம் பெரும்பாலும் மழையைக் கொண்டே நிற்கும்.