எட்டுப் பேருடன் இறங்கிய அணி

2006 மார்ச் 20 அன்று, புளோரிடாவின் வியராவில் நடந்த பயிற்சி ஆட்டமொன்றில் வொஷிங்டன் நஷனல்ஸ் அணி எட்டுப் பேருடன் களமிறங்கியது. பேஸ்போலில் ஓர் அணி ஒன்பது பேருடன் தடுக்கவேண்டும். இடது வெளிக்களம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே நிற்கப் பணிக்கப்பட்ட அல்போன்சோ சொரியானோ வரவில்லை.

சுயநலவாதி என்று அவரை ஏசியவர்கள் பலர். நான் அவர் பக்கமே நிற்கிறேன்.

2005 டிசம்பரில் டெக்சஸ் அணி அவரை வொஷிங்டனுக்குக் கைமாற்றியது. அவர் இரண்டாம் தளத்தின் ஆட்டக்காரர். வொஷிங்டனிடமோ அவ்விடத்துக்கு ஹொசே விட்ரோ ஏற்கெனவே இருந்தார். தெரிந்தே வாங்கினார்கள். தாமே உருவாக்கிய நெருக்கடிக்கு விலை கொடுக்கவேண்டியவர் மட்டும் ஆட்டக்காரராம்! மறுத்தால் தகுதிநீக்கப் பட்டியலில் சேர்க்கக் கோருவோம் என்றது நிர்வாகம். அப்பட்டியலில் விழுந்தவருக்குச் சம்பளமும் இல்லை, சேவைக்காலக் கணக்கும் இல்லை. அவரது ஒப்பந்தம் முடிவடையும் ஆண்டு அது. இரண்டே நாளில் பணிந்தார்.

உட்களமும் வெளிக்களமும் ஒரே தொழில் அல்ல என்பதை மேசையில் அமர்ந்து ஆளை நகர்த்துவோர் உணர்வதில்லை. உட்களத்தில் தரையோடு சீறிவரும் பந்துக்குக் கண் இமைக்கும் நேரமே உண்டு. குறுகிய எறிதல், தளத்தின்மேல் பாதத்தின் திருப்பம், இரட்டை ஆட்டமிழப்பு. வெளிக்களத்தில் உயரப் பறக்கும் பந்தின் வீழ்விடத்தை முதல் அடியிலேயே கணிக்கவேண்டும். நீண்ட ஓட்டம், நீண்ட எறிதல், பின்னால் சுவர். ஆண்டுக்கணக்கில் உடலிற் படிந்த பழக்கத்தைப் பருவம் தொடங்க இரு வாரங்களே இருக்கையில் மாற்று என்றார்கள். (பத்திரிகைக் காரியாலயங்களிலும் இது நடக்கும். நிருபரை ஒரே இரவில் ஒப்புநோக்குநராக்கிவிட்டு, அனுபவம் கிடைக்கும் என்பார்கள்.)

"அவ்வாண்டு 46 ஹோம் ரன், 41 தளத் திருட்டு, வெளிக்களத்திலிருந்து எறிந்து 22 ஆட்டமிழப்புகளுக்கு உதவி, பின்னர் சிக்காகோ கப்ஸுடன் எட்டு ஆண்டுகளுக்கு 136 மில்லியன் டொலர். அவருக்கு இலாபந்தானே?" என்பார்கள். இலாபந்தான். ஆனால் அவர் தோற்றிருந்தால் அந்நட்டத்தில் கழகம் ஒரு சதமேனும் ஏற்றிருக்குமா?

இடமாற்றமே தவறென்று நான் சொல்லவில்லை. தோள் காயத்தால் 1985இல் ஷோர்ட்ஸ்டொப்பிலிருந்து வெளிக்களம் சென்ற றொபின் யவுண்ட் 1989இல் அதிமதிப்புமிக்க ஆட்டக்காரரானார். 1975 மே மாதம் பீட் றோஸ் இடது வெளிக்களத்தை விட்டு மூன்றாம் தளத்துக்கு வந்தார். முகாமையாளர் ஸ்பார்க்கி அன்டர்சன் அவரிடம் கேட்டார், அவர் இசைந்தார். ஜோர்ஜ் பொஸ்டருக்கு இடம் கிடைத்தது. சின்சினாட்டி அவ்வாண்டும் மறு ஆண்டும் உலகத் தொடரை வென்றது.

இப்போது மூக்கி பெட்ஸைக் காட்டி, "பார், ஆறு தங்கக் கையுறை வென்ற வலது வெளிக்கள ஆட்டக்காரரே ஷோர்ட்ஸ்டொப் ஆகவில்லையா?" என்று இளையோரை மடக்குகிறார்கள். பெட்ஸ் உட்கள ஆட்டக்காரராகவே தொழிலுக்கு வந்தவர். டஸ்டின் பெட்ரோயா பொஸ்டனின் இரண்டாம் தளத்தில் நின்றமையால் 2014இல் வெளியே அனுப்பப்பட்டவர். 2025 பருவத்துக்கு முன் இடைக்காலம் முழுவதும் அவ்விடத்துக்கென்றே பயின்றார். அவ்வாண்டு உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் முடிந்தது அவர் கையால்தான்: தரைப்பந்தை எடுத்து, இரண்டாம் தளத்தை மிதித்து, முதலாம் தளத்துக்கு எறிந்தார். அந்த இடைக்காலத்தைச் சொரியானோவுக்கு யார் கொடுத்தார்கள்?