மகப்பேற்று விடுப்பு: சலுகையா? உரிமையா?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காப் பக்கம் செல்வோர், ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டிய புல்தரையில் தமிழ் இளைஞர்கள் வட்டம் வட்டமாக அமர்ந்திருப்பதைக் காண்பர். புதுக்கோட்டையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் கட்டுமானத் தொழிலுக்கு வந்தவர்கள். அண்மையில் அவர்களுள் ஒருவன் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான். “பாருங்கள் ஐயா, பெண் குழந்தை. பிறந்து ஒன்பது நாளாயிற்று” என்றான்.

“எப்போது ஊருக்குப் போகிறாய், தம்பி?” என்று கேட்டேன்.

“இந்த வேலை முடியட்டும், தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார்” என்றான். தீபாவளிக்கு இன்னும் ஏழு திங்கள் இருந்தன.

அவன் அமர்ந்திருந்த இடத்திற்குச் சற்று தொலைவில் ஹேம்ப்ஷயர் சாலையில் ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. இன்று போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகமாக இருக்கும் அது, முன்பு கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையாக இருந்தது. 1924ஆம் ஆண்டு முதல் மகப்பேற்றுக்கென்றே இயங்கிய அம்மருத்துவமனையில், 1966ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. உலகில் வேறெந்த மருத்துவமனையும் அந்நாளில் அத்தனை பிறப்புகளைக் கண்டதில்லை என்று கின்னஸ் நூல் பதிவு செய்தது. பிறப்புக்குப் பேர்போன அந்த மண்ணில் அமர்ந்திருந்த அவ்விளைஞனுக்கு, தந்தையர் விடுப்பு என்ற பெயரில் நம் சட்டம் ஒரு நாளையும் தரவில்லை. காரணம் ஒன்றே: அவன் மகள் சிங்கப்பூர்க் குடிமகள் அல்லள்.

இதைச் சொன்னதும் நண்பர் பலர், “அது இயல்புதானே?” என்கின்றனர். இயல்புதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மகப்பேற்று விடுப்பு உழைப்பவர்க்கு உரிய உரிமையா, மக்கள்தொகைக் கணக்கை நேர்செய்வதற்கு அரசு வழங்கும் சலுகையா என்னும் கேள்விக்கு நாம் இதுகாறும் நேர்மையாக விடை கூறவில்லை.

வரலாற்றைப் பார்ப்போம். 1968ஆம் ஆண்டின் வேலை நியமனச் சட்டம், பேற்றுக்கு முன்னும் பின்னுமாக 8 வார விடுப்பை வழங்கிற்று. நல்ல தொடக்கம். ஆனால் 1972இல் ‘இரண்டுடன் நிறுத்துக’ என்னும் இயக்கம் எழுந்தது. 1973இல் ஊதியத்துடன் கூடிய விடுப்பு முதலிரு பேறுகளுக்கு மட்டுமே என்றாயிற்று. மூன்றாம் பிள்ளையைப் பெற்ற தொழிற்சாலைப் பெண்ணின் உடல்நோவு, முதலிரண்டைவிடக் குறைந்தா போயிற்று? அவளுடைய தேவை குறையவில்லை. நாட்டுக்கு அவள் பிள்ளை தேவைப்படவில்லை, அவ்வளவே.

பின்னர்ப் பிறப்பு விகிதம் சரிந்தது. 1987இல் கொள்கையும் திசை திரும்பிற்று. இயன்றவர்கள் மூன்றும் அதற்கு மேலும் பெறுக என்றனர். 2001இல் மூன்றாம் பேற்றுக்கும் ஊதிய விடுப்பு வந்தது. 2004இல் அது 12 வாரமாகி, நான்காம் பிள்ளையையும் தழுவிற்று. 2008இல் 16 வாரமென அறிவிக்கப்பட்டது. தந்தையர்க்கு 2013இல் ஒரு வாரமும், 2017இல் இரண்டு வாரமும், 2025 ஏப்ரல் முதல் நான்கு வாரமும் கிட்டின. பெற்றோர் இருவரும் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு, 2026 ஏப்ரல் முதல் 10 வாரம் என வகுக்கப்பட்டது. ஆக, ஒரு குழந்தைக்கு முப்பது வாரம்!

இவ்வளர்ச்சியை நான் மனமார வரவேற்கிறேன். மணமாகாத தாய்க்கும் 2017 முதல் 16 வாரம் கிடைப்பது நம் சட்டத்தின் மனம் விரிந்ததற்குச் சான்று. ஆனால் ஒன்றை மறைக்க முடியாது. பிறப்பு மிகுந்தபோது சுருங்கிய விடுப்பு, 2023இல் கருவள விகிதம் 0.97 என்னும் அளவுக்குத் தாழ்ந்த காலத்தில் விரிந்திருக்கிறது. தாயின் உடலையும் சேயின் பசியையும் அளந்து தரப்பட்டிருந்தால், அது ஆண்டுக்காண்டு இவ்வாறு ஏறி இறங்கியிருக்குமா?

நாட்டின் கணக்கில் சேராத பிள்ளைகளின் பெற்றோர்க்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள், உண்மை விளங்கும். குழந்தை குடியுரிமை பெறாததாயின், தாய்க்கு 16 வாரம் இல்லை, 12 வாரமே. அதிலும் ஊதியம் 8 வாரத்திற்குத்தான். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் அந்த ஊதியமும் கட்டாயமில்லை. ‘இரண்டுடன் நிறுத்துக’ என்ற சுவரொட்டிகள் கிழிந்து மறைந்து பல்லாண்டுகள் ஆயின. அக்கணக்கு மட்டும் இப்பெண்களுக்காக இன்னும் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. தந்தைக்கோ ஒன்றும் இல்லை.

இல்லப் பணிப்பெண்ணின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வேலை நியமனச் சட்டம் அவளைத் தழுவுவதே இல்லை. வேலை அனுமதியின் நிபந்தனைப்படி, குடிமகனையோ நிரந்தரவாசியையோ அனுமதியுடன் மணந்தவளாக இருந்தாலன்றி, அவள் இங்கே கருவுறலாகாது. நம் வீட்டுப் பெண் மகப்பேற்று விடுப்பு முடிந்து அலுவலகம் திரும்பும்போது, அக்குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்பவள் பெரும்பாலும் அவளே. ஒரு தாயின் உரிமை, இன்னொருத்தி தாயாகக்கூடாது என்னும் விதியின் துணையால் நிறைவேறுகிறது. இதைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை.

எதிர்வாதங்களைக் கேட்போம். “தெரிந்துதானே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு வந்தான்?” என்பது முதல் வாதம். ஒப்பந்தத்தில் இரு தரப்பும் சமவலிமை உடையனவாயின் தொழிலாளர் சட்டமே தேவையில்லை. முகவருக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வரும் இளைஞன் எந்த வரியைத் திருத்தச் சொல்வான்? கட்டுமானத் தளத்தில் அவன் விரல் நசுங்கினால், வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் அந்த விரலின் குடியுரிமையைக் கேட்பதில்லை. வார ஓய்வு நாளுக்கும் மிகைநேர ஊதியத்திற்கும் கடப்பிதழின் நிறம் பார்ப்பதில்லை. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையின் பராமரிப்புக்கென, குடியுரிமையில்லாப் பிள்ளைகளின் பெற்றோர்க்கும் ஆண்டுக்கு இரண்டு நாளை அதே சட்டம் தருகிறது. திருச்சிக்குப் பறந்து, பேருந்தேறி ஊர் சேர்ந்து திரும்புவதற்கே அவ்விரண்டு நாளும் போதா. ஆயினும் கொள்கை அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. இரண்டு நாளுக்குப் பொருந்தும் நியாயம் இரண்டு வாரத்திற்கு ஏன் பொருந்தாது?

“குடிமக்களின் வரிப்பணத்தை அயலார்க்குத் தருவதா?” என்பது இரண்டாம் வாதம். அவ்வாறு கேட்கவில்லை. வேலை அனுமதியில் உள்ள ஒவ்வோர் ஊழியருக்காகவும் முதலாளி திங்கள்தோறும் அரசுக்குத் தீர்வை செலுத்துகிறார். அது அவ்வூழியன் உழைப்பின் மேல் விழும் வரியேயாகும். அதிலிருந்து ஒரு சிறு பங்கை ஒதுக்கினால், அவன் மனைவி பெற்றெடுக்கும் நாளில் அவனை இரண்டு வாரம் ஊருக்கு அனுப்பலாம்.

மூன்றாம் வாதம் நம்மவருடையது. ஆதலால் கூடுதலாகச் சுடுகிறது. சிராங்கூன் சாலைக் கடைக்காரர்கள் சிலர், “ஆள் குறைந்தால் கடையை யார் பார்ப்பது? பிள்ளை பெறுவது பெண். ஆணுக்கு ஏன் விடுப்பு?” என்கின்றனர். தந்தையர் விடுப்பின் ஊதியத்தை வாரத்திற்கு 2,500 வெள்ளி வரை அரசே ஈடுசெய்கிறது. தாயின் முதலிரு பேறுகளில் பின் 8 வாரத்தையும், மூன்றாம் பேறு முதல் 16 வாரத்தையும் உச்சவரம்புக்குட்பட்டு அரசே ஏற்கிறது. ஆள் குறைவது மெய்யான இடர்தான். ஆனால் அதைச் சமாளிக்கப் பல திங்கள் முன்னறிவிப்பு உண்டு. பிள்ளைப்பேறு திடீரென வரும் தீவிபத்து அன்று.

“எங்கள் பாட்டனார் விடுப்பா எடுத்தார்?” என்றும் கேட்கின்றனர். எடுக்கவில்லை, உண்மை. கப்பலேறி வந்து, இங்கே மூட்டை சுமந்தும் சாலை போட்டும் பிழைத்த நம் பாட்டன்மாருள் பலர், பிள்ளையை முதன்முதலில் பார்த்தபோது அது நடக்கக் கற்றிருந்தது. ‘யார் இவர்?’ என்று தாயின் பின்னே ஒளிந்த பிள்ளைகள் அவர்கள். அந்தத் துயரத்தைப் பேரப்பிள்ளைகளாகிய நாம் மரபென்று போற்றுவதா? நம் குடும்பத்துக்கு நேர்ந்தது இன்னொருவன் குடும்பத்துக்கு நேரக்கூடாது என்று சொல்லவேண்டிய முதல் ஆட்கள் நாமன்றோ?

புறநானூற்றுப் புலவர் பொன்முடியார், ஒரு மகனை ஆளாக்கும் கடனைத் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்குமாகப் பகிர்ந்து வைத்தார். தாயொருத்தியின் தலையில் முழுச் சுமையையும் அவர் ஏற்றவில்லை. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1919இல், தான் தோன்றிய ஆண்டிலேயே, மகப்பேற்றுப் பாதுகாப்பு உடன்பாட்டை இயற்றியபோது, நாட்டுரிமையோ வயதோ மணமான நிலையோ பாராமல் எல்லாப் பெண்ணுக்கும் அது உரியது என வரையறுத்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட நெறி அது.

எனவே நாம் கேட்கவேண்டியவை மூன்று. குழந்தையின் குடியுரிமை எதுவாயினும், உழைக்கும் தாய்க்கு 16 வார ஊதிய விடுப்பு. பிள்ளைகளை எண்ணும் நிபந்தனை நீங்குக. அயல்நாட்டு ஊழியருள் தந்தையாவோர்க்கு, வேலை பறிபோகும் அச்சமின்றி, குறைந்தது இரண்டு வார ஊதிய விடுப்பு. இல்லப் பணிப்பெண்ணைக் கருவுற்ற காரணத்தால் விலக்கி அனுப்பாமல், ஊரில் பெற்றெடுத்துத் திரும்பிவர வழி.

சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டிய தேவையும் இல்லை. தொழிலாளர்க்குச் சட்டம் விதித்ததற்கு மேல் தரக்கூடாது என எவ்விதியும் தடுக்கவில்லை. தேக்காவில் கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவர், குத்தகை எடுத்திருக்கும் நம்மவர் ஒருவர், தம்மிடம் உழைப்பவனை அழைத்து, “பிள்ளை பிறந்திருக்கிறதாமே, போய்ப் பார்த்துவிட்டு வா, சம்பளம் பிடிக்கமாட்டேன்” என்று நாளையே சொல்லலாம்.

புல்தரையில் கண்ட அந்த இளைஞனின் மகள், தீபாவளிக்குள் தவழத் தொடங்கியிருப்பாள். அவள் தவழும்போது அவளைத் தூக்க வருபவனை அவள் அறிந்திருக்கவேண்டும். நாம் கேட்பது அவ்வளவே.