வயிற்றுவலிக்கு ஊசி போட்டு அனுப்பியது போதும்

கொடைக்கானல் மலையில், பூம்பாறையிலோ மன்னவனூரிலோ பூண்டுக் காட்டில் வேலை செய்கிற ஒருவருக்கு மேல்வயிற்றில் வலி எடுத்தால் என்ன நடக்கிறது என்பது மலை முழுக்க அறிந்த கதை. முதலில் குடலேற்றம் என்று எண்ணெய் தடவித் தட்டுவார்கள். குழந்தையாக இருந்தால் தொக்கம் எடுப்பார்கள். அடங்காவிட்டால் ‘கேஸ்’ என்று ஓர் ஊசி, ‘அல்சர்’ என்று ஒரு பட்டை மாத்திரை. இரண்டு நாளில் வலி தணியும். மறுபடி வரும்; மறுபடி அதே ஊசி. ஆண்டுகள் இப்படியே ஓடி, உடல் வற்றி, சர்க்கரையும் ஏறிய பிறகு மதுரைக்கு இறங்கினால், ஸ்கேன் படத்தில் கணையம் முழுக்கக் கல்.

தொக்கம் எடுக்கிற பாட்டியை நாம் குற்றம் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததை அவர் செய்தார். பட்டம் பெற்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, ‘வலி முதுகுக்குப் போகிறதா?’ என்ற ஒற்றைக் கேள்வியைக் கூடக் கேட்காமல் சீட்டு எழுதுகிறவர்களைக் கண்டிக்கிறோம். அவர்களிடம் கணக்குக் கேட்காத சுகாதாரத் துறையை அதைவிடக் கடுமையாகக் கண்டிக்கிறோம்.

இப்படிக் கல் கட்டுமளவுக்குப் போகும் நாள்பட்ட கணைய அழற்சிக்கு அடையாளங்கள் உண்டு. மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைக்கும் வலி. சாப்பிட்டதும் கூடும், முன்னால் குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டால் சற்றே குறையும். வலிக்குப் பயந்து சோற்றைக் குறைப்பதால் எடை இறங்கும். மலம் எண்ணெய்ப் பசையோடு, கடும் நாற்றத்தோடு, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதக்கும். இதைச் சொல்ல நோயாளி கூச்சப்படுவார். கேட்டு வாங்குவது மருத்துவர் வேலை. ரத்தத்தில் கணைய நொதிகளான அமிலேஸ், லிப்பேஸ் அளவு சரியாக இருக்கிறது, உனக்கு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்புவது இன்னொரு கொடுமை. நோய் முற்றிய கணையத்தில் அந்த அளவுகள் இயல்பாகவே இருக்கலாம். அல்ட்ராசவுண்டும் தொடக்க நிலையில் தவறவிடும். சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேனோ எம்.ஆர். ஸ்கேனோ எடுத்தே ஆக வேண்டும்.

புதிதாய் வந்த நோய் என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது. 1959-லேயே இந்தோனேசியாவில் வறியவர்களிடம் இதைக் கண்டு மருத்துவர் சூய்டெமா எழுதினார். பழனி மலைத்தொடருக்கு மேற்கே முகடு தாண்டினால் கேரளம், அங்கே மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் 1960-களிலிருந்து நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார். சிறுவயதில் வயிற்றுவலி, வாலிபத்தில் நீரிழிவு, நடுவயதுக்குள் சாவு என்பது அன்றைய நோயாளிகளின் தலைவிதியாக இருந்தது. கணையக் கல்லோடு வரும் நீரிழிவைச் சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் 1980-களிலிருந்து ஆராய்ந்திருக்கிறார்கள். இத்தனையும் இரண்டு பக்கமும் இருக்க, நடுவில் உள்ள மலையில் மட்டும் இன்னும் ‘கேஸ்’ என்றால் அதை அறியாமை என்று மன்னிக்க நாம் தயாராக இல்லை.

அடுத்த கண்டனம் ஒரு சொல்லுக்கு: ‘குடிகாரன்’. கணையம் கெட்டது என்றதும் வார்டில் அந்தப் பார்வை வந்துவிடுகிறது. குடி பெரிய காரணம்தான். பீடியும் சிகரெட்டும் தனியாகவே கணையத்தைக் கெடுக்கும். ஆனால் நாட்டின் பல மையங்களில் 1,086 நோயாளிகளை ஆராய்ந்து வி. பாலகிருஷ்ணன் குழுவினர் 2008-ல் வெளியிட்ட முடிவில் குடியால் வந்தது சுமார் 39 விழுக்காடு. காரணம் புலப்படாதவர்கள் 60 விழுக்காடு. ஸ்பிங்க்1 போன்ற மரபணு மாற்றங்கள் இந்திய நோயாளிகள் பலரிடம் உண்டு. ஒரு துளி மது தொடாத பெண்ணிடம் ‘உண்மையைச் சொல்லு’ என்று அதட்டுகிறவர் மருத்துவம் செய்யவில்லை, அவமானம் செய்கிறார்.

குடியால் வந்தவரையே எடுத்துக்கொள்வோம். அவருக்கு விற்றது யார்? 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கையில். 2024-25-ல் அதனால் வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். மலையில் வீசப்படும் காலி பாட்டிலைப் பத்து ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கும் ஏற்பாடு உயர் நீதிமன்ற உத்தரவால் 2022-ல் நீலகிரியில் வந்தது. கொடைக்கானலுக்கு ஏறும் வண்டிகளை 2024 மே 7 முதல் இ-பாஸ் போட்டு எண்ணுகிறார்கள். நல்லது, மலைக்கு அது தேவை. பாட்டிலையும் வண்டியையும் எண்ணுகிற அரசே, இந்த மலையில் கணையம் கெட்டவர்கள் எத்தனை பேர்? எங்கே அந்தக் கணக்கு?

நோய் தெரிந்துவிட்டால் வாழ வழி இருக்கிறது என்பதால்தான் இத்தனை கோபம். குடியையும் புகையையும் அறவே விட வேண்டும். கணையம் சுரக்காத நொதியை மாத்திரையாகச் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும்; சாப்பிட்டு முடித்த பிறகு போட்டால் பலன் குறைவு. ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 யூனிட் லிப்பேஸாவது வேண்டும். எண்ணெயே கூடாது என்று பட்டினி போடுவது பழைய பாடம். நொதியோடு அளவான கொழுப்பு உண்டு, பசியறிந்து சிறிது சிறிதாகப் பலமுறை சாப்பிட வேண்டும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் எலும்பையும் கவனிக்க வேண்டும். கல்லை அதிர்வலையால் உடைக்கலாம், எண்டோஸ்கோப்பியால் எடுக்கலாம், தேவைப்பட்டால் அறுவை செய்யலாம். கணையம் கெட்டு வரும் நீரிழிவில் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து உயிரைக் குடிக்கலாம். எல்லோருக்கும் கொடுக்கிற மாத்திரையை அப்படியே நீட்டக் கூடாது.

நொதி மாத்திரையை வாழ்நாள் முழுக்க, வேளைதோறும் வாங்க வேண்டும். கேரட் பிடுங்கும் கூலியில் அது நடக்குமா? முதலமைச்சர் காப்பீடு மருத்துவமனையில் படுத்தால் கைகொடுக்கும். வீட்டில் சோற்றோடு விழுங்கும் மாத்திரைக்குக் கைகொடுக்காது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வாசலில் மருந்து தருகிறது. அந்தப் பையில் கணைய நொதியைச் சேர்ப்பதற்கு எது தடை?

வலி எடுத்தவரைக் கிளாவரையிலிருந்தும் கவுஞ்சியிலிருந்தும் வத்தலக்குண்டு மலைப்பாதை வழியே மதுரைக்கு இறக்குவது ஒரு நாள் பாடு. ஆகவே கொடைக்கானல் அரசு மருத்துவமனையிலும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மூன்று முறை வயிற்றுவலியோடு வருகிறவரைக் கணையப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று எழுத்தில் ஆணை வேண்டும். நோயாளிகளுக்குப் பதிவேடு வேண்டும். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் குடல் நோய் மருத்துவர் குறித்த நாளில் மலையேறி வர வேண்டும். குடியை விட விரும்புகிறவருக்கு மலையிலேயே சிகிச்சை வேண்டும். விற்ற கை அதற்குச் செலவும் செய்யட்டும்.

இவற்றுக்குக் காலம் பிடிக்கும் என்பார்கள். ஒன்றுக்குப் பிடிக்காது. கணைய நொதி மாத்திரை மலையில் எந்தெந்த அரசு மருத்துவ நிலையத்தில் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று மாவட்டச் சுகாதார நிர்வாகம் இந்த மாதத்துக்குள் வாசலில் எழுதி ஒட்டட்டும். இல்லையென்றால், இல்லை என்றே எழுதட்டும்.