சோதனை யாருக்கு?

கோலார் தங்கவயலில் சுரங்கம் ஓடிய காலத்தில், ஷிப்ட் முடிந்து மேலே வரும் தொழிலாளியை உடல் சோதனை செய்துதான் வெளியே விடுவார்கள். ஒரு குன்றிமணித் தங்கம்கூடத் தப்பிவிடக் கூடாது என்ற கவலை நிர்வாகத்துக்கு. 1930-ல் எல்லோரிடமும் கைரேகை பதிவு செய்ய முற்பட்டபோது, தங்களைக் குற்றவாளிகளாகவே நடத்துகிறார்கள் என்று கொதித்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து பிழைக்கப்போன தமிழர்கள்.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்ட பிறகு, அவர்களுடைய பிள்ளைகளின் பிழைப்பு ரயிலில் ஏறிவிட்டது. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நிலையத்துக்கு நிலையம் கூட்டம் சேர்த்துக்கொண்டு, ஏறத்தாழ 100 கி.மீ. தள்ளியிருக்கும் பெங்களூருக்குத் தினமும் போய்த் திரும்புகிறார்கள். சீசன் டிக்கெட் சொந்தக் காசில். அதை மறந்துவிட்டு ஏறினால் பரிசோதகர் விடமாட்டார்.

அரசுக் காசில் பயணம் போகிறவரைப் பரிசோதிப்பது யார்? ஏற்பாடு என்னவோ உண்டு. ஊழியர் பயணப்படி பில் கொடுக்க, மேலதிகாரி மேலொப்பமிட, கணக்குப் பிரிவு பாஸ் செய்யும். ஆனால் உயர் பதவிகளில் பல அதிகாரிகள் தங்கள் பில்லுக்குத் தாங்களே கட்டுப்பாட்டு அதிகாரிகள். பயணம் அவசியம்தானா என்று கேட்க வேண்டியவரும் போய்வந்தவரும் ஒருவரே.

விளைவுகள் அவ்வப்போது வெளியே வரத்தான் செய்கின்றன. போலி விமானச் சீட்டு காட்டிப் பயணப்படி வாங்கியதாக, மாநிலங்களவை உறுப்பினர்கள், முன்னாள் உறுப்பினர்கள் சிலர்மீது 2014-ல் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. இந்த மோசடியில் பீகாரைச் சேர்ந்த முன்னாள் உறுப்பினர் ஒருவருக்கு 2022-ல் டெல்லி நீதிமன்றம் 3 ஆண்டுச் சிறை விதித்தது. விடுமுறைப் பயணச் சலுகையில் வேறு வகைக் கூத்து. டெல்லியிலிருந்து மதுரைக்குப் போக உரிமையுள்ள வங்கி ஊழியர் கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் வழியாகச் சுற்றிவந்தார். வங்கியும் செலவைக் கொடுத்தது. சலுகை உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டுமே என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

ரொக்கத்தை ஒழித்துக் கார்டு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைப் பார்க்கலாம். 2013 ஜூலை முதல் ஓராண்டில் அங்கே ஊழியர்கள் அரசுப் பயணக் கார்டைச் சூதாட்ட விடுதிகளில் தேய்த்தது 9 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு மேல். எந்த விடுதி, எந்தத் தேதி, எவ்வளவு என்று அத்தனையும் கணினியில் பதிவாகியிருந்தது. துறையின் தணிக்கையாளர்கள் 2015-ல் எடுத்துச் சொல்லும்வரை பதிவை யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே கீழ்மட்டத்தில் அரசு கொஞ்சம் இளகியிருப்பது உண்மை. 8-ஆம் நிலைவரை உள்ளவர்கள் வெளியூரில் தங்கும் செலவை, உச்சவரம்புக்குள், ரசீது இல்லாமல் சுயசான்றின் பேரில் பெறலாம் என்று 2017-ல் விதி வந்தது. நல்ல காரியம். நூறு ரூபாய் ரசீதைத் துரத்த ஆயிரம் ரூபாய் நேரத்தைச் செலவிடுவது என்ன கணக்கு? மிச்சமாகும் நேரத்தில் மாதத்துக்குப் பத்துப் பெரிய பில்களைக் குலுக்கலில் எடுத்து, விமான நிறுவனத்திடமும் விடுதியிடமும் கேட்டு உறுதி செய்யலாம். வேறு அலுவலகத்து அதிகாரி அதைச் செய்தால் தாட்சண்யத்துக்கும் இடமிருக்காது.

2022 ஜூனில் மத்திய நிதியமைச்சகம் விமானப் பயணத்தை இறுக்கியது. இருப்பதில் மலிவான கட்டணம், 21 நாள் முன்பே பதிவு என்றெல்லாம் உத்தரவு. கடைசி 72 மணி நேரத்தில், அதாவது கட்டணம் உச்சத்தில் இருக்கும்போது, டிக்கெட் எடுத்தால் காரணம் காட்ட வேண்டும். அந்தக் காரணத்துக்கும் பயணம் போகிறவரின் சுயசான்றே போதும்.