சியர்லீடிங்: பிள்ளையின் பயத்தைப் போக்க ஹிப்னோதெரபி போதுமா?

சியர்லீடிங் என்றதும் நம்மில் பலருக்கு 2008-ல் ஐ.பி.எல். தொடங்கியபோது பவுண்டரி ஓரத்தில் ஆடிய பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு அந்த நினைப்பு சீக்கிரமே மாறிவிடும். 1898-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்பல் என்ற மாணவர் ஃபுட்பால் பார்க்க வந்த கூட்டத்தைச் சேர்ந்து கோஷம் போடவைத்தார். அதில் தொடங்கியது, இன்று இரண்டரை நிமிடத்துக்குள் குட்டிக்கரணம், மனிதப் பிரமிடு, ஆளை மேலே எறிந்து பிடிப்பது என எல்லாம் அடங்கிய போட்டி விளையாட்டாகிவிட்டது. 2021-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்த விளையாட்டின் உலக அமைப்புக்கு முழு அங்கீகாரமே கொடுத்துவிட்டது.

இந்த விளையாட்டில் பெற்றோரைத் தூங்கவிடாத ஒரு சொல் உண்டு: 'மென்டல் பிளாக்'. ஒரு வருஷமாகச் சர்வசாதாரணமாக பேக் ஹேண்ட்ஸ்பிரிங் போட்ட பிள்ளை, திடீரென்று ஒருநாள் போடமாட்டாள். கையைத் தூக்குவாள், முழங்காலை மடக்குவாள், அப்படியே நின்றுவிடுவாள். உடம்பில் ஒரு குறையும் இருக்காது. அவள் போடாவிட்டால் டீமின் வரிசையையே மாற்ற வேண்டும். கோச் முகம் சுளிப்பார். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கட்டிய அப்பா, "நேத்து வரைக்கும் செஞ்சியேம்மா, இப்ப என்ன?" என்பார். அந்தக் கேள்வியே அவளை இன்னும் இறுக்கிவிடும்.

இங்கேதான் ஹிப்னோதெரபி விளம்பரங்கள் வருகின்றன. சில செஷனில் பயம் போய்விடும் என்கிறார்கள். நம்பலாமா?

முதலில் நம் மனதில் இருக்கும் படத்தை அழிக்க வேண்டும். ஹிப்னாஸிஸ் என்றால் '7ஆம் அறிவு' வில்லன் மாதிரி கண்ணைப் பார்த்து ஆளை ஆட்டிவைப்பது இல்லை. தூக்கமும் இல்லை. உடம்பைத் தளர்த்தி, கவனத்தை ஒரே இடத்தில் குவித்து, அந்த நிலையில் பொருத்தமான எண்ணங்களைச் சொல்லிப் பதியவைப்பது, அவ்வளவுதான். பிள்ளை தன் நினைவோடுதான் இருப்பாள். கரணத்தை மனதுக்குள் மெதுவாக ஓட்டிப் பார்ப்பாள். விரலை அழுத்தி ஒரு சொல்லைச் சொன்னால் மூச்சு சீராக வேண்டும் என்று பழகிக்கொள்வாள். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் இதில் எளிதாக ஈடுபடுவார்கள்.

மருத்துவ உலகம் இதை ஒதுக்கவும் இல்லை. வலி, குடல் எரிச்சல் நோய் போன்றவற்றுக்கு இது உதவுவதற்குச் சான்றுகள் உண்டு. விளையாட்டில் நடந்தவை பெரும்பாலும் ஒருசில வீரர்களை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுகள். 1973 மார்ச்சில் முகமது அலியின் தாடையை உடைத்து ஜெயித்த கென் நார்ட்டன் ஹிப்னாடிஸ்ட் உதவியை நாடியவர் என்று இன்றும் சொல்வார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அதே அலியிடம் அவர் தோற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் இல்லையா?

ஆகவே என் கருத்து இது: ஹிப்னோதெரபி ஒரு துணைக்கருவி. அதைக் கையில் எடுக்கும் முன் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

சியர்லீடிங்கில் பயம் என்பது வெறும் கற்பனை இல்லை. மொத்தக் காயங்களின் விகிதம் மற்ற பல விளையாட்டுகளைவிடக் குறைவுதான். ஆனால் பள்ளி, கல்லூரி மாணவிகளுக்கு விளையாட்டில் நேர்ந்த மிகக் கடுமையான காயங்களில் பாதிக்கு மேல் இதில்தான் நடந்தவை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012-ல் எச்சரித்தது. கீழே பிடிக்கும் பேஸ் பிள்ளைகள் சரியாகப் பிடிக்கவில்லை, தலையில் அடிபட்ட கன்கஷன் இன்னும் ஆறவில்லை, அடிப்படை பலம் வருமுன்பே அடுத்த லெவலுக்கு ஏற்றிவிட்டார்கள். இப்படிக் காரணம் இருந்தால் அந்தப் பயம் நோய் இல்லை, எச்சரிக்கை மணி. மணியை நிறுத்திவிட்டால் நெருப்பு அணைந்துவிடுமா?

சிமோன் பைல்ஸ் ஜிம்னாஸ்ட்தான், ஆனால் பாடம் பொருந்தும். டோக்கியோ ஒலிம்பிக்கில் காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறதென்றே புரியாமல்போனதும் அவர் விலகினார். எத்தனை பேர் ஏசினார்கள்! ஓய்வு எடுத்தார், தெரபிக்குப் போனார், நிதானமாகப் பயிற்சிக்குத் திரும்பினார். 2024 பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி.

இன்னொரு சிக்கல், யார் செய்கிறார்கள் என்பது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஹிப்னோதெரபிக்கென்று தனி லைசென்ஸ் கிடையாது. வாரக்கடைசி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் போர்டு மாட்டலாம். ஆகவே லைசென்ஸ் பெற்ற சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர் அல்லது மருத்துவராக இருந்து, அதற்கு மேல் ஹிப்னாஸிஸ் பயிற்சி எடுத்தவரிடம் மட்டும் போங்கள். "ஆழ்மனதில் புதைந்த பழைய சம்பவத்தைத் தோண்டி எடுக்கிறேன்" என்பவரிடம் போகவே வேண்டாம். நடக்காத ஒன்றை நடந்ததாக நம்பவைக்கும் ஆபத்து அதில் உண்டு. 'கட்டாயம் குணமாகும்' என்று கேரண்டி கொடுப்பவரையும் தவிர்த்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பரீட்சையானாலும் பாட்டுப் போட்டியானாலும் பயப்படும் பிள்ளையை "தைரியமா செய்" என்று தள்ளிவிடுவதுதான் நம் வழக்கம். இந்த முறை காரில் திரும்பும்போது மார்க் கேட்பதுபோல் கேட்காமல், "எது பயமா இருக்கு?" என்று கேளுங்கள். கோச்சிடம் பேசி இரண்டு லெவல் கீழே இறக்கி, ஸ்பாட் கொடுத்து, மெத்தையில் மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் தடை நீடித்து, பிள்ளையும் "முயற்சி பண்றேன்" என்றால் ஹிப்னோதெரபிக்குக் கூட்டிப் போவதில் தப்பே இல்லை. அவள் "எனக்கு இந்த விளையாட்டே வேண்டாம்" என்று சொன்னால், கட்டிய பணம் போனால் போகட்டும். விட்டுவிடுங்கள்.