ஆட்டம் யாருக்குச் சொந்தம்?

நியோ ஸ்போர்ட்ஸ் என்றொரு விளையாட்டு டெலிவிஷன் இருந்தது. 2006-ல் பிறந்தது, ஆறாண்டுக்குள் ஆட்டங்கண்டது. இன்று மூலக்குளத்தில் எந்த வீட்டுக் கேபிளிலும் அதன் சுவடில்லை. முதலாளியின் கடை மூடினால் நமக்கென்ன என்று கேட்கும் தோழர்களுக்குச் சொல்வோம்: கடை அவருடையது, அங்கே விற்ற சரக்கு நம்முடையது!

காற்றலை பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் கூறிற்று. எந்த வழக்கில்? கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றி மத்திய சர்க்காருக்கும் வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் நடந்த வழக்கிலேதான். சர்க்காரின் ஏகபோகம் ஒழிந்தது, சரி. காலியான நாற்காலியில் வந்து அமர்ந்தது யார்? பணத்தின் ஏகபோகம்!

2006-ல் நிம்பஸ் கம்பெனி, இந்தியக் கிரிக்கெட் போர்டின் ஆட்டங்களை நான்காண்டுக்கு 61 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அவற்றைக் காட்டவே நியோ பிறந்தது. போட்ட பணத்தை எடுக்க விளம்பரம் ஒரு வழி, கேபிள் கட்டணம் மற்றொரு வழி. விளம்பரத்தைப் பார்த்து சோப்பு வாங்குவோரும் நாம். கேபிளுக்குக் கட்டுவோரும் நாம்.

2007 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவு அணி வந்தது. நேரடி ஒளிபரப்பைத் தூர்தர்ஷனுடன் பகிர நிம்பஸ் மறுத்தது. டில்லி ஐகோர்ட்டில் வழக்கு. ஏழு நிமிடம் தாமதித்துத் தரலாமென்று உத்தரவு. கட்டணம் கட்டியவனுக்கு உடனே, கட்ட முடியாதவனுக்கு ஏழு நிமிடம் கழித்து! பிப்ரவரியில் அவசரச் சட்டம் வந்தது. பிறகு பார்லிமெண்டும் அதைச் சட்டமாக்கியது. தேச முக்கியத்துவமுள்ள ஆட்டங்களைத் தூர்தர்ஷனுடன் பகிர்ந்தே தீரவேண்டும் என்றாயிற்று.

இந்தச் சட்டமா நியோவை வீழ்த்தியது? இல்லை. பணம் கட்டத் தவறியதென்று கூறி, 2011 டிசம்பரில் போர்டே ஒப்பந்தத்தை ரத்து செய்தது. 2012-ல் ஸ்டார் கம்பெனி 3,851 கோடி ரூபாய்க்கு உரிமையைத் தட்டிச் சென்றது. ஆட்டம் போனது, ஆட்டத்தையே நம்பிய கடையும் போனது.

போட்டி வளர்ந்தால் மக்களுக்கு மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். நடந்ததென்ன? ஏலந்தோறும் எதிரெதிரே நின்ற ஸ்டாரும் ரிலையன்சின் வயாகாமும் 2024 நவம்பரில் ஒரே வீடாயின. சிறிய மீனை விழுங்கிய பெரிய மீன்கள் இரண்டும் கைகோத்துக்கொண்டன!

நமக்குக் கிடைத்த சட்டத்திலும் ஓட்டை. பகிர்ந்த ஆட்டத்தைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் இலவச டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், கேபிளில் கூடாது என்று 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சட்டத்தின் வாசகம் அப்படி! மாதந்தவறாமல் கேபிளுக்குக் கட்டும் தொழிலாளி வீட்டில் தூர்தர்ஷன் தெரியும், ஆட்டம் தெரியாது. இதென்ன நியாயம்?

ஆகவே நாம் கேட்பது இரண்டு. தூர்தர்ஷன் எந்த வழியில் வந்தாலும் பகிர்ந்த ஆட்டமும் உடன் வரும்படி சட்டத்தைத் திருத்துக! ஏலம் கேட்க ஆளில்லாத ஆட்டங்களுக்கும், நம் கபடிக்கும், புதுவைத் தெருக்களில் இரும்புக் குண்டு வீசி ஆடும் பெத்தாங்குக்கும், பொது டெலிவிஷனில் இடம் தருக!

தனியார் கடைகள் திறக்கும், மூடும். பொதுச்சொத்து மூடாது. அதைக் காப்பது தோழர்களின் கடமை.